ஒன்றரை இடம் தள்ளி வரும் அழகர்

மதுரையில் என் காலத்தில் என் கைக்கு ஈடாக மிருதங்கம் வாசித்தவன் கிடையாது. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வேறு யாராவது சொல்லுவார்கள் என்று எத்தனையோ வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

வாசித்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பாட்டும் போட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு பாட்டு. மெட்டு, வார்த்தை, தாளக்கட்டு மூன்றும் என்னுடையவை. அதில் ஒன்றையாவது நல்ல தொண்டை உள்ள ஒருவர் மேடையில் பாட வேண்டும், பாடிவிட்டு இதைப் போட்டது இன்னார் என்று என் பெயரைச் சொல்ல வேண்டும். என் ஆயுசில் நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான். வீடு கட்ட ஆசைப்படவில்லை, பொன்னாடைக்கு ஆசைப்படவில்லை. சரி, பொன்னாடைக்குக் கொஞ்சம் ஆசைப்பட்டேன்.

மிருதங்கக்காரன் பாட்டுப் போடுவதில் உள்ள கஷ்டம் இதுதான். பாட்டு நம் வயிற்றில் இருக்கும், வாய் அடுத்தவரிடம் இருக்கும். எனக்கும் தொண்டை உண்டு. ஆனால் நான் வாய்விட்டுப் பாடினால் எண்ணெய் போடாத தறி ஓடுவது போல இருக்கும் என்று என் மனைவி சொல்லுவாள். எங்கள் வீட்டு மொழியில் அவள் சொல்லும்போது இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் வீட்டு மொழி வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத்துப் பக்கமிருந்து வந்த நெசவுக்காரர்கள் நாங்கள். தமிழ் எனக்கு நாங்கள் குடியிருந்த செல்லூர்த் தெருவில் கிடைத்தது. ஐந்தாவது முடித்ததும் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள், அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மிருதங்கத்தை யாரும் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பஜனை மடத்தில் வாசிப்பவரின் விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மறுநாள் தறிக்குழியில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பார்ப்பேன். தொடை கன்றிப் போகும். இருபத்திரண்டு வயதில் தறியை விட்டு எழுந்தேன். எங்கள் தெருவில் அப்படி எழுந்தவன் நான் ஒருவன்தான்.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், சான்றிதழ் கேட்கிறார்களே, அதற்காக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் இசைப்பள்ளியில் மிருதங்க வாத்தியார் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பார்க்கவே இல்லை.

"பத்தாவது பாஸ் பண்ணிருக்கீங்களா?"

"பாஸ் பண்ணுனவங்களுக்குப் பாடம் எடுக்குறேங்க."

"அது சரிங்க. சர்ட்டிபிகேட்டு?"

"வாசிச்சுக் காட்டவா?"

"வாசிச்சு என்னங்க பண்றது? பைல்ல வைக்கணும்ல."

அந்த வேலை என்னிடம் நான்கு வருஷம் பாடம் கேட்டவனுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்து, அந்த வாரம் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று என்னையே கேட்டுக்கொண்டு போவான். பையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும்.

அந்தக் கதையை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஒரு பாட்டின் கதை.

மேற்கே புதிதாக வீடுகள் வந்துகொண்டிருந்த பக்கத்தில் ஒரு வக்கீல் வீட்டம்மா இருந்தார். மதுரை மேடைகளில் நல்ல பெயர் எடுத்த பாடகி. கனமான குரல். ஏழு வருஷம் அவருக்கு நான்தான் மிருதங்கம். என்னை அண்ணே என்பார், நான் அம்மா என்பேன், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர் என்றாலும். வயலினுக்கு என் கூட்டாளி. மாநகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு வயலின் வாசித்தவன். எனக்கும் அவனுக்கும் மாப்ள முறை, அதாவது எந்த முறையும் கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏழு வருஷத்தில் அந்த அம்மா என் பாட்டு ஒன்றையும் பாடியதில்லை. நான் கேட்டதும் இல்லை. நான் எதற்குக் கேட்க வேண்டும்? ஒருநாள் கச்சேரி முடிந்து காரில் திரும்பும்போது அவராகவே கேட்டார்.

"அண்ணே, நீங்க நெறையப் பாட்டுப் போட்டிருக்கீங்களாமே. நவராத்திரிக் கச்சேரிக்குப் புதுசா ஒண்ணு வேணும். நமக்கெல்லாம் தர மாட்டீங்களா?"

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. "பாப்போம்மா" என்றேன். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த வயலின்காரன் என் விலாவில் ஒரு குத்து விட்டான்.

கொடுத்தேன். இருப்பதிலேயே பெரிய பாட்டைத்தான் கொடுத்தேன்.

அழகர் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்து, வைகையில் இறங்கும்போதே தாலி கட்டியாயிற்று என்று கேள்விப்பட்டு, ஊருக்குள் வராமலே திரும்பிப் போன கதை மதுரையில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். சித்திரையில் ஆற்றுக்குள் நிற்கிற சனம் அழகர் வந்துவிட்டார் என்றுதான் கும்பிடும். எனக்கு மட்டும், அவர் தாமதமாக வந்தவர் ஆயிற்றே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சீர் எல்லாம் தூக்கிக்கொண்டு வந்த அண்ணன், வாசல்வரை வந்தும் பயனில்லை. அந்தச் சமயம் மதுரையை அடுத்த பரவையில் ஒரு வீட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் மார்க்கெட்டுக்கு முன்னால் காய்கறி லாரி மறித்து பஸ் நின்றுவிட்டது. நிற்கிற பஸ்ஸில் நானும் நின்றுகொண்டே பல்லவியைப் போட்டேன்.

தாமதம் ஏனையா? தங்கை கழுத்தில்
தாலி ஏறிய பின் வந்தாய்.

சகானா ராகம். ஆதி தாளம். எட்டு எண்ணிக்கை, எல்லோருக்கும் தெரிந்த தாளம்தான். ஆனால் முதல் தட்டில் பாட்டு தொடங்காது. முதல் தட்டில் தொடங்குவதைச் சமம் என்போம். என் பாட்டு அந்தத் தட்டை விட்டுவிடும். அடுத்துச் சுண்டுவிரலை எண்ணும்போதும் வாய் திறக்கக் கூடாது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், ஒன்றரை இடம் தள்ளி, அங்கேதான் 'தாமதம்' விழும். தாளம் கல்யாணம் மாதிரி, அது நேரத்துக்கு நடந்துவிடும். பாட்டு அழகர் மாதிரி, பிந்தித்தான் வரும். கடைசி வரிவரைக்கும் அந்த ஒன்றரை இடத்தை அது எட்டிப் பிடிக்கவே முடியாது. இப்படி ஒரு பாட்டைப் பத்தாவது பாஸ் பண்ணியவன் ஒருவன் போட்டுவிடட்டும், பார்க்கலாம்.

சனிக்கிழமைக் காலையில் அவர் வீட்டில் பாடம். எனக்கு ஸ்வரம் எழுத வராது. நான் வாயால் சொல்லுவேன், அவர் ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொள்ளுவார். வார்த்தை சீக்கிரம் வந்துவிட்டது. சகானாவை அவர் பாடும்போது, நான் போட்டதுதானா இது என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. இடம் மட்டும்தான் நிற்கவில்லை. முதல் தட்டு விழுந்ததும் அவர் வாய் தானாகத் திறந்துவிடும்.

"மாப்ள, இது பாட்டில்லடா, பஸ்ஸு" என்றான் வயலின்காரன். "மத்தவன் பாட்டெல்லாம் ஸ்டாப்புல நின்னு ஆளை ஏத்தும். உன் பாட்டு ஸ்டாப்பைத் தாண்டி ஓடுறப்ப நாங்க தொங்கிக்கிட்டே ஏறணும்."

"ஏறத் தெரியாதவன் நடந்து வரட்டும்."

"கேட்டீங்களாம்மா? நம்மளை நடந்து வரச் சொல்றாரு."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நோட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இதைச் சமத்துலயே எடுத்துக்கிறேனே. மெட்டு மாறாது, வார்த்தை மாறாது. கேக்குற சனத்துக்கு இம்புட்டு வித்தியாசம் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்மா."

"ஏன் அங்கிட்டுத் தள்ளி வச்சிருக்கீங்கன்னு சொன்னாலாவது புடிச்சுக்குவேன்."

நியாயமான கேள்வி. இப்போது அப்படித் தோன்றுகிறது. அன்றைக்கு, கல்லூரியில் பட்டம் வாங்கிய அம்மா ஐந்தாவது படித்தவனிடம் கணக்குக் கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. பெரிய பெரிய ஆட்கள் போட்ட பாட்டை எல்லாம் இப்படி ஏன், அப்படி ஏன் என்று கேட்டா பாடுகிறீர்கள்? எனக்கு மட்டும் எதற்கு விளக்கம்?

"நான் போட்டபடி பாடுங்கம்மா. பாட முடியலன்னா விட்டுருங்க" என்றேன்.

அவர் விடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். நான்கு சனிக்கிழமை கையில் தாளம் போட்டுப் போட்டு அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். கடைசிச் சனிக்கிழமை பத்துத் தடவை எடுத்தார், பத்தும் ஒன்றரையில் விழுந்தது.

"அண்ணே, முதல்ல உங்க பேரைச் சொல்ல மாட்டேன். பாடி முடிச்சிட்டுத்தான் சொல்லுவேன். அப்பத்தான் சனம் 'யாரு போட்டது, யாரு போட்டது'ன்னு ஏங்கிக்கிட்டு உக்காந்திருக்கும். சரிதானே?"

சரி என்றேன். அந்த வாரம் ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டேன்.

நவராத்திரி ஐந்தாம் நாள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. மண்டபம் நிறைந்திருந்தது. என் மனைவி முன்னால் மூன்றாவது வரிசையில் இருந்தாள். என் கச்சேரிக்கு வருகிறவள் இல்லை அவள். "நாப்பது பாட்டுப் போட்டீங்க, என்னையப் பத்தி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு மட்டும் வந்திருந்தாள்.

நான்காவது பாட்டு என்னுடையது. அந்த அம்மா சகானாவைக் கொஞ்சம் இழுத்துப் பாடிவிட்டு, தொடையில் முதல் தட்டைப் போட்டார். வாய் திறந்துவிட்டது.

சமத்தில் எடுத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. படபடப்பு. அவர் கண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று, எடுத்த அடுத்த நொடி அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் எடுத்தாயிற்று. பாட்டு நன்றாகவே போனது. கேட்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

மேடையில் பாடுகிறவர் இடம் மாறிவிட்டால் மிருதங்கக்காரன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் இரண்டாவது பேச்சே இல்லை. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நாமும் நின்றுகொள்ள வேண்டும். தப்பை மூடிக்கொண்டு போக வேண்டும். நான் மூடியிருக்கிறேன். எத்தனை பேரை எத்தனை மேடையில் மூடியிருக்கிறேன் என்று அவர்களுக்கே தெரியாது, அவ்வளவு சுத்தமாக மூடியிருக்கிறேன். வேறு யார் பாட்டாக இருந்தாலும் அன்றைக்கும் மூடியிருப்பேன்.

இது என் பாட்டு.

பல்லவி ஒரு சுற்று முடிந்து மறுபடி எடுக்கிற இடம் வந்தது. நான் ஒரு தீர்மானம் வைத்தேன், மூன்று தரம் சொல்லி முடிகிற சொல்லுக்கட்டு. அது எங்கே முடிகிறதோ அங்கே பாடுகிறவர் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான் அதைச் சமத்தில் கொண்டுபோய் முடிக்கவில்லை. ஒன்றரை இடம் தள்ளி, பாட்டு உண்மையில் தொடங்க வேண்டிய இடத்தில் முடித்தேன். இதோ உன் இடம், இங்கே வா என்று கை நீட்டிக் காட்டியதாகத்தான் எனக்கு நினைப்பு.

அவர் சமத்தில் எடுக்க வாய் திறந்தார். மிருதங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தான்தான் தப்பு என்று நினைத்து நிறுத்தினார். தீர்மானம் முடிந்து நான் கையை எடுத்தபோது அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு விரல் தள்ளி எடுத்தார், அதுவும் இல்லை, இதுவும் இல்லை. தொடையில் தாளம் போட்ட கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. வயலின்காரன் வில்லைத் தூக்கிவிட்டான். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். பிறகு அடுத்த பாட்டை எடுத்தார். என் பாட்டின் சரணத்தை யாரும் கேட்கவில்லை. முடித்த பிறகு சொல்வதாக இருந்த பெயர் அப்படியே அவர் வாய்க்குள் தங்கிவிட்டது.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நான் சமத்துல எடுத்துட்டேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சுல்ல?"

"தெரிஞ்சுச்சும்மா."

"தெரிஞ்சுதான் அப்படி வாசிச்சீங்களா?"

"பாட்டோட இடம் அதுதானம்மா."

"ஏழு வருசமா நான் எத்தனை தடவை தப்பிருக்கேன். ஒரு தடவையாச்சும் என்னைய விட்டுருக்கீங்களா? இன்னிக்கு ஏண்ணே விட்டீங்க?"

நான் மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். உறையின் கயிறு முடிச்சு விழுந்துகொண்டே இருந்தது.

"இன்னிக்கு நீங்க எனக்கு வாசிக்கலண்ணே. உங்களுக்கு வாசிச்சுக்கிட்டீங்க" என்றார். பிறகு, "நல்லா வாசிச்சீங்க" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. அவர் யாரிடமும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை, ஆனால் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு வாய் இருக்கிறதே. 'அந்த ஆளு மேடையிலயே கவுத்துவிட்டுருவாருப்பா' என்று பேச்சாயிற்று. மற்றப் பாடகர்களும் கூப்பிடவில்லை. நான் போய் நிற்கவும் இல்லை. பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வாசித்தேன். பாங்கில் வேலை பார்க்கிறவர்கள், ரிட்டையரானவர்கள் என்று நாலைந்து பேர் பாடத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய்க்கு நடப்பது போல, மனசுக்கு மிருதங்கம். என் கையை அதற்குக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வயலின்காரன் செல்லூர் டீக்கடைக்கு என்னைத் தேடி வந்தான்.

"மாப்ள, ஒரு நல்ல சேதி. அந்தம்மா உன் அழகர் பாட்டை மறுபடி பாடப் போறாங்களாம். உன் பேரைச் சொல்லியே பாடுறாங்களாம்."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். "எந்த இடத்துல?"

அவன் மேலே போகிற கரண்டுக் கம்பியைப் பார்த்தான். "சமத்துலதான். அவங்க என்ன பண்ணுவாங்க பாவம், அன்னிக்குப் பட்ட பயம். அந்த இடத்தை நெனைச்சாலே தாளம் தப்பிப்போகுதுங்கிறாங்க."

"அப்படின்னா வேண்டாம்."

"டேய், பேரு சொல்றாங்கடா!"

"சமத்துல பாடுனா அது என் பாட்டு இல்ல. என் பேரைச் சொல்லக் கூடாதுன்னு நான் சொன்னதாச் சொல்லு."

"கோவத்துல சொல்லாத. வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு நாளைக்குச் சொல்லு."

"யோசிச்சாச்சு. இதே வார்த்தையப் போய்ச் சொல்லு."

"உனக்குக் கையில இருக்குற அறிவுல கால்வாசி நாக்குல இல்ல மாப்ள" என்று சொல்லிவிட்டு, என் டீயையும் அவனே குடித்துவிட்டுப் போனான். அந்த அம்மாவிடம் அப்படியே சொல்லியிருக்கிறான்.

அதன் பிறகு அவர் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் பாட்டு போகவில்லை. கொலு வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்டதாக என் மாணவர்கள் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், கோயிலில் யாரோ பாடினார்கள், எல்லாம் சமத்தில். யார் போட்டது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பாட்டை அந்த அம்மா விழுங்கிவிட்டார் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். படித்தவர்கள் இப்படித்தான் என்றேன். எட்டு ஒன்பது வருஷம் சலிக்காமல் சொன்னேன். கேட்டவர்களும் உச்சுக்கொட்டினார்கள். அது ஒரு சுகமாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு திருவிழாவில், திருவாதவூரில் கச்சேரி என்று வயலின்காரன் கூட்டிப் போனான். பாடுகிறவர் வெளியூர்க்காரர், முப்பது வயது இருக்கும், நல்ல சாரீரம். வர வேண்டிய மிருதங்கக்காரருக்குக் காய்ச்சல், அதனால் நான். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நான்கு மணிக்கே உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே வயலிலிருந்து வந்த சம்சாரிகள், பெண்கள், வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டவர்கள்.

பாதிக் கச்சேரியில் அவர் என் பக்கம் சாய்ந்தார். "அண்ணே, அடுத்து ஒரு அழகர் பாட்டு. சகானா, ஆதி, சமத்துல எடுப்பு. 'தாமதம் ஏனையா'ன்னு வரும். கேட்டிருக்கீங்களா?"

வயலின்காரன் வில்லை மடியில் வைத்துவிட்டான்.

"யாரு போட்டது தம்பி?" என்று கேட்டேன்.

"அது பெரிய கதைண்ணே. எங்க அத்தைகிட்டப் பாடம். அவங்க மதுரையில ஒரு வக்கீல் வீட்டம்மாகிட்டக் கத்துக்கிட்டாங்க. அந்தம்மா யாருக்குச் சொல்லிக் குடுத்தாலும் ஒரு கண்டிசன் போடுவாங்களாம். 'இதைப் போட்டவரு தன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவரு வார்த்தையை மீறக் கூடாது'ம்பாங்களாம். எங்க அத்தை எம்புட்டோ கெஞ்சியும் வாயைத் தொறக்கலையாம். இந்தக் காலத்துல பேரு வேணாம்னு சொல்ற மனுசன் இருக்காரு பாருங்க. மகான்ணே!"

வயலின்காரனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று பார்த்தேன். முதலில் சிரிப்புத்தான். அப்புறம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுடா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இப்பவாச்சும் சொல்லித் தொலை."

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. 'நான்தான் தம்பி' என்றால் அவர் மைக்கில் சொல்லியிருப்பார், அந்தக் கூட்டம் கை தட்டியிருக்கும், நான் கேட்ட ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் அந்த மகானுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் வாயைத் திறந்தால், ஒன்பது வருஷமாக அந்த அம்மாவைத் திருடி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் மேடையில் எழுந்து நிற்பான். அதுவும் சமத்தில் பாடப்போகிற பாட்டுக்கு.

"பாடுங்க தம்பி, நான் பின்னாடியே வாரேன்" என்றேன்.

அவர் மைக்கில் சொன்னார். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று சொன்ன ஒரு பெரிய மனிதர் போட்ட பாட்டு என்றார். முன்னால் இருந்த ஒரு பெரியவர் அதைக் கேட்டதும் தலையில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். எனக்கு நேராகத்தான் கும்பிட்டார், நான் இருந்தது அந்தத் திசையில் என்பதால்.

முதல் தட்டு விழுந்தது. 'தாமதம்' அதன் மேலேயே விழுந்தது. நான் சமத்தில் போய் நின்றுகொண்டேன். பல்லவி, அனுபல்லவி, அன்றைக்கு மண்டபத்தில் யாரும் கேட்காத சரணம், எல்லாவற்றுக்கும் வாசித்தேன். ஒரு தீர்மானத்தைக்கூடத் தள்ளி வைக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக என் ஆயுளில் நான் யாருக்கும் வாசித்ததில்லை. முடிந்ததும் பெரிய கைதட்டல்.

"ஏற்கெனவே பாடமான பாட்டுக்கு வாசிச்ச மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றார் அந்தப் பாடகர்.

இறங்கும்போது அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று அவரிடம் கேட்டேன். மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறாராம். பாடுவதை விட்டு நாளாயிற்றாம். அத்தையிடமிருந்து வாங்கி வைத்திருந்த போன் நம்பரைப் பாடகர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மிருதங்க உறைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒத்தக்கடை தாண்டியதும் வயலின்காரன் ஆரம்பித்தான்.

"நாளைக்கே போனைப் போடு."

"போட்டு?"

"உன் வார்த்தைய அந்தம்மா இத்தனை வருசமாக் காப்பாத்திருக்காங்க. நீ ஊரெல்லாம் அவங்களத் திட்டிக்கிட்டுத் திரிஞ்ச. மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. இனிமே பேரைச் சொல்லிக்கலாம்னு சொல்லு."

"எந்த இடத்துல எடுத்தா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

அந்தச் சீட்டு இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து இரண்டாகிவிட்டது, எண்கள் தெரிகின்றன. போன் போட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழகர் கல்யாணத்துக்குப் பிந்தி வந்தவர் அம்மா, அதனால்தான் பாட்டும் பிந்தி வருகிறது, சமத்தில் எடுத்தால் அவர் நேரத்துக்கு வந்துவிடுகிறார், வந்துவிட்டால் அப்புறம் யாரைப் பார்த்து ஏன் தாமதம் என்று கேட்பது? இவ்வளவுதான். அவர் அன்று நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டபோது, இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம். நான் அதைச் சொல்லவில்லை. நவராத்திரி மேடையில், அத்தனை பேருக்கு முன்னால், வாசித்துக் காட்டினேன்.